குளிர் முகப்பு வரும் நாள்: விக்டோரியாவில் குடியேறிய குடும்பங்களுக்கு

புயல் என்றதும் நம் மனதில் ஒரு வரிசை ஓடும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், அதற்கு ஒரு பெயர், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு, மூன்று நான்கு நாள் செய்தி, கடைசியில் மழையோடு சேர்ந்து காற்று. கடலூர்க்காரருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மெல்பர்னில் இந்த வரிசை கைகொடுக்காது. இங்கே ஆளைக் கொல்லும் காற்றுக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும், சில மணி நேரத்தில் கடந்தும் போய்விடும்.

2020 ஆகஸ்ட் 27 அன்று அப்படி ஒரு காற்று மெல்பர்னைக் கடந்தது. மரம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் நான்கு வயதுச் சிறுவன். மூவருமே அப்போது வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சில்வன் நீர்த்தேக்கத்தில் மின்சாரம் போய், கிருமி நீக்காத தண்ணீர் குழாய்களில் கலந்தது. 80க்கும் மேற்பட்ட புறநகர்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வங்கக் கடல் புயலில் ஓலை பறக்கும், சுவர் விழும், கடல் ஊருக்குள் வரும். இங்கே கட்டடங்கள் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. மரம் விழுகிறது, அதன் கீழே யாரோ இருக்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மழையைப் பார்த்துவிட்டுத் தயாராகலாம் என்று இருக்காதீர்கள். வடக்குக் காற்று எழும்போதே வேலைகளை முடித்துவிடுங்கள். அந்தச் சில மணி நேரம் மரத்தின் அருகிலும் சாலையிலும் இருக்காதீர்கள்.

காற்று எப்படி வருகிறது

தொலைக்காட்சி வானிலைப் படத்தில் நீலக் கோடு ஒன்று முக்கோணப் பற்களோடு மேற்கிலிருந்து நகர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குளிர் முகப்பு. தென் கடலிலிருந்து வரும் குளிர்ந்த, கனத்த காற்று, கண்டத்தின் மேல் கிடக்கும் சூடான காற்றின் அடியில் ஆப்பு போல நுழைந்து அதை மேலே தூக்குகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக இவை விக்டோரியாவைக் கடக்கும். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் வரிசையாக வரும். கோடையில் இடைவெளி விட்டு வந்தாலும் வேகம் குறையாது.

முகப்பு நெருங்க நெருங்கக் காற்றழுத்தம் இறங்கும், வடக்கிலிருந்து காற்று வலுக்கும். கோடையில் இந்த வடக்குக் காற்று உள்நாட்டுப் பாலைவெளியின் சூட்டைச் சுமந்து வந்து முகத்தில் அறையும். குளிர்காலத்தில் சூடு இருக்காது, வேகம் மட்டும் இருக்கும். வானம் நீலமாகவே இருக்கலாம். புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெயிலடிக்கிறதே என்று துணி காயப் போடுகிறார்கள், பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா வழக்கம்போல ஓடைக்கரை மரங்களின் கீழ் நடக்கக் கிளம்புகிறார். அந்த நேரத்திலேயே மணிக்கு 90 கிலோமீட்டர் வீச்சுகள் வந்துகொண்டிருக்கலாம்.

பிறகு காற்று வடமேற்காகத் திரும்பும். மேற்கு அடிவானத்தில் கருமேகப் பட்டை தெரியும். சில நாட்களில் நடுவில் சற்று ஓய்ந்தது போலத் தோன்றும். அதை நம்பி வெளியே போகக் கூடாது. முகப்பு கடந்ததும் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெப்பநிலை 10, 15 டிகிரி இறங்கிவிடும். மெல்பர்ன்காரர்கள் ஆசையோடு காத்திருக்கும் ‘கூல் சேஞ்ச்’ இதுதான். அறை குளிர்ந்ததும் எல்லாரும் சன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்கு வருகிறார்கள். ஆனால் காலையிலிருந்து வடக்குக் காற்றை எதிர்த்து நின்று வேர் தளர்ந்த மரத்தை இப்போது பக்கவாட்டில் தள்ளுகிறது காற்று. முகப்பை ஒட்டி இடிமேகங்கள் திரண்டிருந்தால் சில நிமிடங்களில் பெருஞ்சேதம் நடந்துவிடும். 2024 பிப்ரவரி 13 பிற்பகலில் அப்படித்தான் ஆனது. கொளுத்திய வெயிலுக்குப் பின் முகப்போடு வந்த இடிப்புயலில், ஜீலாங்குக்கு வடக்கே அனாக்கி அருகில் ஆறு உயரழுத்த மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மாநிலம் முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது.

காட்டுத் தீ நாளில் இந்தத் திசை மாற்றம் இன்னும் கொடியது. வடக்குக் காற்றில் தெற்கு நோக்கி நீளமாக, குறுகலாக ஓடும் தீயின் பக்கவாட்டு முழுவதையும் தென்மேற்குக் காற்று ஒரே நேரத்தில் முன்முனையாக மாற்றிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் இறந்த தீ விபத்துகளில் இந்தத் திருப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலையோரத்திலும் புல்வெளி ஓரத்திலும் வீடு வாங்கியிருப்பவர்கள் கூல் சேஞ்ச் வந்ததும் தீ தணியும் என்று ஒருபோதும் கணக்குப் போடக் கூடாது.

ஒரு எளிய பழக்கம் சொல்கிறேன். முகப்பு மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் அது முதலில் வார்னம்பூலைத் தொடும், பிறகு ஜீலாங், அதற்குப் பிறகே மெல்பர்ன். வானிலை மையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் ஒவ்வொரு நிலையத்தின் அளவீடும் அவ்வப்போது வரும். ஜீலாங் வரிசையில் வடக்கு என்றிருந்த திசை தென்மேற்கு என்று மாறி, வெப்பநிலை சட்டென்று இறங்கியிருந்தால், டார்னீட்டிலும் பாயிண்ட் குக்கிலும் இருப்பவர்களுக்கு அதிக நேரம் இல்லை. டாண்டினாங் பக்கத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை எப்போது அழைத்து வருவது என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

எச்சரிக்கையை வாசிப்பது

வானிலை மையம் சராசரி வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொடும் என்றோ, வீச்சுகள் 90 கிலோமீட்டரைத் தொடும் என்றோ எதிர்பார்த்தால் சேதம் விளைவிக்கும் காற்று என்று எச்சரிக்கை தருகிறது. வீச்சு 125ஐத் தொடும் என்றால் அழிவு தரும் காற்று என்கிறது. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்பெருக்கமாக ஏறுகிறது. 60லிருந்து 90க்குப் போனால் தள்ளும் விசை இரண்டே கால் மடங்கு. 120க்குப் போனால் நான்கு மடங்கு. அன்றாட முன்னறிவிப்பில் காணும் எண் சராசரி வேகம் என்பதையும் மறக்காதீர்கள். வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று வானிலை மையமே சொல்கிறது.

எச்சரிக்கை மாவட்டப் பெயரில் வரும். மெல்பர்ன் ‘சென்ட்ரல்’ மாவட்டத்தில் அடங்கும். தங்கள் புறநகரின் பெயர் பட்டியலில் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், மாவட்டத்தைப் பாருங்கள். இடிப்புயல் எச்சரிக்கை தனியாக வரும், மிகக் குறைந்த அவகாசத்தில் வரும். கைபேசியில் ‘விக்எமர்ஜென்சி’ செயலியை நிறுவி, உங்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளி, வேலையிடம் மூன்றையும் சுற்றிக் கண்காணிப்பு வட்டம் போட்டுவைத்தால் எச்சரிக்கை தானாக வந்து சேரும். அதில் மஞ்சள் முக்கோணம் ‘கவனமாயிருங்கள்’ என்பதற்கு, ஆரஞ்சு ‘இப்போதே செயல்படுங்கள்’ என்பதற்கு, சிவப்பு ‘உயிருக்கு ஆபத்து’ என்பதற்கு. இணையம் போனால் ஏபிசி வானொலி இருக்கிறது. மெல்பர்னில் ஏஎம் 774. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எண்களைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000. மரம் கூரைமேல் விழுந்தது, ஓடு பறந்து மழை உள்ளே கொட்டுகிறது என்றால் மாநில அவசர சேவையான எஸ்இஎஸ், 132 500. ஆரஞ்சு உடுப்பில் வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தார்ப்பாய் கட்டித் தற்காலிகமாகச் சரிசெய்து கொடுக்க அவர்கள் பணம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அம்மா அப்பா பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார்களா? 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளரோடு எஸ்இஎஸ்ஸுக்கு இணைப்பு தருவார்கள். 000 எண்ணிலும் மொழியின் பெயரைச் சொன்னால் போதும். ஒருமுறை சொல்லிக்கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

மரம்

பெரும் மழைக்குப் பின் வரும் காற்று இரட்டிப்பு ஆபத்து. ஊறிய மண் வேரைப் பிடித்துக்கொள்ளாது. காற்று பழகாத திசையிலிருந்து வந்தாலும் அப்படித்தான். 2021 ஜூன் 9 இரவு டாண்டினாங் மலைத்தொடரில் நடந்தது குளிர் முகப்பு அல்ல, ஒரு வலுவான தாழ்வு மண்டலம். ஆனாலும் அதன் பாடம் இங்கே பொருந்தும். நனைந்த மண்ணில் நின்ற உயரமான மரங்கள் வழக்கத்துக்கு மாறான திசையிலிருந்து வந்த காற்றில் கூட்டம் கூட்டமாக வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு.

உங்கள் வளவில் அல்லது வீட்டு முன் நடைபாதையில் பெரிய மரம் இருந்தால், காற்று இல்லாத ஒரு நாளில் அதன் அடியில் நின்று பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் பிறை வடிவில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா? ஒரு பக்கத்து மண் உப்பியிருக்கிறதா? அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? இலையில்லாத பெரிய கிளை மேலே தொக்கி நிற்கிறதா? அண்மையில் சாக்கடைக் குழாய்க்கோ வாகனப் பாதைக்கோ தோண்டி வேரை வெட்டியிருக்கிறார்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தகுதி பெற்ற மர நிபுணரை அழைத்துக் காட்டுங்கள். நடைபாதை மரம் என்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள். சொந்த வளவு மரத்தை வெட்டவும் பல கவுன்சில்களில் அனுமதி வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், ஆகவே எச்சரிக்கை வந்த பிறகு தொடங்கக் கூடிய வேலை இது இல்லை.

காற்று நாளில் அந்த மரத்தை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களை நகர்த்திக்கொள்ள முடியும். மரம் எந்த அறைமேல் விழும் என்று பார்த்து, அன்றிரவு பிள்ளைகளின் மெத்தையை வீட்டின் மறுபக்கத்து அறைக்கு இழுத்துப் போடுங்கள். காரை மரத்தடியிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

கொல்லைப்புறம்

டார்னீட், கிளைட் நார்த் போன்ற புதுக் குடியிருப்புகளில் பெரிய மரம் குறைவு. அங்கே ஆபத்து வேறு விதம். திறந்த சமவெளியில் காற்று தடையின்றி வரும், பக்கத்து மனையில் பாதி கட்டிய வீடு நிற்கும். பலகை, தகடு, காப்புப் பஞ்சு எல்லாம் பறக்கும். கட்டுமான மனைப் பக்கம் உள்ள சன்னலின் திரையை மூடிவிட்டு அந்த அறையை விட்டு விலகியிருங்கள்.

நம் வீடுகளிலிருந்து அதிகம் பறப்பது பிள்ளைகளின் டிராம்போலின்தான். பாதுகாப்பு வலையோடு அது பாய் விரித்த தோணி மாதிரியே வேலை செய்யும். வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கூரையிலோ மின்கம்பியிலோ போய் விழும். நான்கு செங்கல்லை வைத்தால் நிற்காது. காற்று வருமுன் வலையைக் கழற்றுங்கள், முடிந்தால் துள்ளும் விரிப்பையும் கழற்றுங்கள். கால்களை மண்ணில் ஆழமாக அறையும் வளைந்த முளைகள் வன்பொருள் கடையில் கிடைக்கும். வாங்கிய நாளே அறைந்துவிடுங்கள். பிறகு குடை, பிளாஸ்டிக் நாற்காலி, நிழல்துணி, குப்பைத் தொட்டி, துளசிச் சட்டி எல்லாம் உள்ளே. கிரிக்கெட் மைதானத்திலும் பொங்கல் விழாத் திடலிலும் போடும் மடக்குப் பந்தலை 90 கிலோமீட்டர் எச்சரிக்கை உள்ள நாளில் விரிக்கவே வேண்டாம். நாலு பேர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தீர்வல்ல.

கூரைத் தண்ணீர்ப் பாதையில் அடைத்த இலைகளை முந்தைய வார இறுதியில் அள்ளிவிடுங்கள். காற்று நாளில் ஏணியைத் தொடாதீர்கள். ஓடு ஒன்று பறந்துவிட்டதே என்று கணவரோ மகனோ கூரை ஏறப் போனால் தடுத்து நிறுத்துங்கள்.

சாலையில்

முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முகப்பு கடக்கச் சில மணி நேரம்தான். வெஸ்ட்கேட் பாலத்தில் காற்றுக்கு வேக வரம்பைக் குறைப்பார்கள். உயரமான லாரிகளை ஒட்டி ஓட்டாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் மரங்கள் அடர்ந்த குறுக்குச் சாலையை விட்டுச் சுற்று வழியானாலும் அகலமான பாதையில் போங்கள். சாலையில் கிளை கிடந்தால் இறங்கி இழுக்காதீர்கள்: அது விழுந்த மரத்திலேயே அடுத்த கிளையும் தொங்கிக்கொண்டிருக்கலாம், அதோடு கம்பியும் சிக்கியிருக்கலாம். மின்விளக்குச் சமிக்ஞை அணைந்த சந்தியில் உங்கள் வலப்பக்கம் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நீர் ஓடும் சாலையில் இறங்கவே வேண்டாம். 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு சிறிய காரை மிதக்க வைத்துவிடும்.

அறுந்த மின்கம்பி என்றால் உயிருள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று 000 அழையுங்கள். கம்பி காரின் மேலேயே விழுந்திருந்தால் உள்ளேயே இருங்கள், அருகே வருகிறவர்களைக் குரல் கொடுத்துத் தடுங்கள். தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டும் என்றால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு பாதங்களையும் சேர்த்துக் குதியுங்கள். பிறகு பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

மின்சாரம் போனால்

வைஃபையும் வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்தே போய்விடும். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரமே தாங்கும். ஆகவே எச்சரிக்கை வந்த உடனே எல்லாவற்றையும் முழுச் சார்ஜில் வையுங்கள். கராஜின் தானியங்கிக் கதவைக் கையால் திறக்க ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதை இழுத்துப் பார்த்து ஒருமுறை பழகுங்கள். குளிர்பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் உணவு தாங்கும். அதன் பிறகு இறைச்சி, பால், சோறு, குழந்தை உணவு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

குளிருகிறது என்று பார்பிக்யூ கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. அவை விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே குடும்பம் முழுவதையும் கொன்றுவிடும். வீட்டில் ஆக்சிஜன் கருவியோ வீட்டு டயாலிசிஸ் இயந்திரமோ ஓடுகிறது என்றால் உங்கள் மின்சார நிறுவனத்திடம் உயிர்காக்கும் கருவி உள்ள வீடு என்று பதிவு செய்யுங்கள். பதிவு செய்தாலும் மின்சாரம் போகத்தான் செய்யும். மாற்றுத் திட்டம் ஒன்றை மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

மூச்சு

இதை நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 2016 நவம்பர் 21 மாலை, வெப்பமான நாளின் முடிவில் மெல்பர்னைக் கடந்த இடிப்புயலின் காற்று, மேற்கே விளைந்து கிடந்த ரை புல்லின் மகரந்தத்தை நகரத்துக்குள் கொண்டுவந்தது. ஈரத்தில் வெடித்து நுண்துகளான மகரந்தம் மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலுக்குள் போகும். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள். ஆஸ்துமாவே இல்லை என்று நினைத்திருந்த பலரும் அதில் உண்டு.

இங்கே வந்து சில வருடங்களில், அக்டோபர் பிறந்தால் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கியவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்கானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிப்புயல் ஆஸ்துமா முன்னறிவிப்பைப் பாருங்கள். ஆபத்து அதிகம் என்ற நாளில், புயலுக்கு முன் காற்று வீசும்போதே உள்ளே போய்ச் சன்னலை மூடுங்கள், ஏசி வெளிக்காற்றை இழுக்காதபடி வையுங்கள். நீலநிற நிவாரணி பஃபர் மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் கிடைக்கும். ஒருவருக்கு மூச்சுத் திணறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாக 4 முறை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் பொறுங்கள். குறையவில்லையா, உடனே 000 அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள்.

காற்று ஓய்ந்த பின்

வெளிச்சம் வந்ததும் வெளியே போங்கள், மேலே பார்த்துக்கொண்டே நடங்கள். பாதி முறிந்த கிளை மறுநாள் கூட விழும். ஒன்றையும் நகர்த்துமுன் சேதத்தைப் படமெடுங்கள். பக்கத்து வீட்டு மரம் உங்கள் வேலிமேல் விழுந்திருந்தாலும் முதலில் பேச வேண்டியது உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம்தான். கதவைத் தட்டி, முன்பணம் கொடுத்தால் இன்றே கூரை வேய்ந்து தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர், நமக்கேன் வம்பு, அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்களோ என்று ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். விக்டோரியாவின் வாடகைச் சட்டத்தில் கடும் புயல் சேதம் அவசரப் பழுதுபார்ப்பு என்ற வகையில் வருகிறது. வீட்டு உரிமையாளர் உடனே கவனிக்க வேண்டும். ஏஜென்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதையே படங்களோடு மின்னஞ்சலிலும் எழுதுங்கள். அவர்கள் உடனே கவனிக்கவில்லை என்றால் 2,500 டாலர் வரையிலான பழுதை நீங்களே பார்த்துவிட்டு, ரசீது கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.